கருஞ்சேற்றாரின் கயிறு

கப்பலிலிருந்து,
நவம்பர் 4

அக்கா ஷாலுவுக்கு, தம்பி பீம்ராவின் ஜெய்பீம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும் காலம், ஜன்னலில் ஈரத்துணி கட்டு. அப்பாவின் இருமல் எப்படி?

கடிதத்தைப் பார்த்துப் பயப்படாதே. போனில் பேச வழியில்லை. கப்பல் முதலாளி எங்களைக் கைவிட்டுவிட்டான். எங்கே இருக்கிறான் என்று ஏஜென்ட்டுக்கே தெரியாதாம். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறோம். டீசல் இல்லை, சிக்னல் இல்லை, சம்பளம் இல்லை, கரையில் இறங்க அனுமதியும் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மாலுமிகள் நல மையத்துப் படகு அரிசியும் தண்ணீரும் கொண்டுவருகிறது. நாங்கள் எழுதுவதை அந்தப் படகில் வருகிற ஆள் படமெடுத்து உனக்கு அனுப்புவார். நீ அனுப்புவதை அச்செடுத்து எனக்குக் கொண்டுவருவார். இனி இப்படித்தான்.

எட்டுப் பேர் மிச்சம் இருக்கிறோம். ராயபுரத்து வால்டர் அண்ணன் சமையல். கொருக்குப்பேட்டை தமீம் என்ஜின் அறையில் வேலை. கல்யாணம் ஆன சூட்டோடு கப்பல் ஏறியவன். மற்ற ஐந்து பேரும் வடக்கத்திக்காரர்கள்.

இனி சொல்வதற்கு நீ திட்டுவாய். என் பெட்டியில் உனக்குப் பிடிக்காத எழுத்தாளர் மகரநாதன் இருக்கிறார். 'ஏழுக்கு அப்பால் ஒரு கடல்', பிளாட்பாரத்தில் வாங்கிய அதே பழைய பைண்டு. நீ கட்டுரை எழுதிக் கிழித்தாயே, அதே புத்தகம். சாயங்காலம் சோறு முடிந்ததும் டெக்கில் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறேன். வால்டர் அண்ணன் மற்றவர்களுக்கு இந்தியில் சொல்கிறார். அவர் இந்தியில் இளவரசன்கூட மீன் ஏலம் விடுவது மாதிரிதான் பேசுகிறான். ஆனாலும் கேட்கிறார்கள்.

இளவரசனின் கப்பல் அலையில்லாக் கடலில் நின்றுபோகிற இடம் நினைவிருக்கிறதா? "மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம். இரண்டுக்கும் நடுவே, எந்த வானமும் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு துரும்பு." இதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். சுற்றிலும் அதே கடல். எழுபது வருடத்துக்கு முன்னால் எங்கேயோ மாடியில் உட்கார்ந்து எழுதியவருக்கு எங்களை எப்படித் தெரியும்?

என் பைண்டில் கடைசி அத்தியாயம் இல்லை. சேற்றில் வாழும் கருஞ்சேற்றார் கடலில் இறங்கி அந்தக் கப்பலின் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கத் தொடங்குவதோடு கிழிந்திருக்கிறது. ராயபுரம் பழைய வாசகசாலையில் தேடிப் பார். எட்டுப் பேரும் கேட்கிறோம்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லாதே.

உன் தம்பி,
பீம்ராவ்


விம்கோ நகர்,
நவம்பர் 20

பீமுக்கு அக்காவின் ஜெய்பீம்.

அப்பா நன்றாக இருக்கிறார். இருமல் அவரைவிட நன்றாக இருக்கிறது. நான் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதிக்கொண்டு அப்படியே இருக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

மறைக்கச் சொன்னாய், முழுதும் சொல்லிவிட்டேன். அப்பா, "கப்பலை வுட்டு ஓட்றவன் மொதலாளி, கப்பலைக் காவல் காத்துகினு குந்திகினு கீறவன் கைதியா? நல்லா கீதுடா உங்க நாயம்" என்றார். முப்பது வருடம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் கிருஷ்ணப்பன். இதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கப்பல் துறை அலுவலகத்துக்குப் போனேன். எந்த நாட்டுக் கொடி என்று கேட்டார்கள். சொன்னேன். அந்த நாட்டை வரைபடத்தில் காட்ட அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. மேசை மேசையாக அனுப்பினார்கள். திரும்பவும் போவேன்.

இப்போது உன் மகரநாதன். நான் எரிக்கச் சொல்லவில்லை. நம் படிப்பக அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஏனென்று திரும்பவும் சொல்கிறேன். கழிமுகத்துச் சேற்றில் வாழ்கிற கறுத்த மக்கள், மீன் கவிச்சி அடிக்கிறவர்கள், பெயர் கிடையாது, எண்தான். யாரை எழுதுகிறார் என்று உனக்குத் தெரியாதா? "கருஞ்சேற்றாருக்கு வலி தெரியாது, ஆகையால் அவர்கள்மேல் விழும் சவுக்கு பாவத்தில் சேராது." இந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்கு எப்படிப் போகிறாய்? அப்பாவின் தோளில் மூட்டை ஏற்றி ஏற்றி வந்த திமிலை நீ தொட்டுப் பார்த்ததில்லையா?

ஏப்ரல் பதினாலு விழாவில் இதைப் பற்றிப் பேசப் போகிறேன். அன்றைக்கே அவர் புத்தகங்களை எடுத்துவிடுவதாகப் படிப்பகத்தில் முடிவு.

கடைசி அத்தியாயத்தைத் தேடுகிறேன். உனக்காக, அவருக்காக அல்ல.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கப்பலிலிருந்து,
டிசம்பர் 12

அக்காவுக்கு ஜெய்பீம். அப்பாவுக்கு என் அன்பு. எனக்குக் காலில் கொஞ்சம் சிரங்கு. உப்புத் தண்ணீரில் குளிப்பதால் வருவது, பெரிதாக ஒன்றுமில்லை.

நீ கேட்ட கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேன். அந்த வரியை நான் தாண்டிப் போகவில்லை, உரக்கப் படித்தேன். வால்டர் அண்ணன் இந்தியில் சொல்லி முடித்ததும் தமீம் சட்டையைக் கழற்றினான். பாய்லர் ஆவி பட்டு முதுகு முழுக்கத் தழும்பு அவனுக்கு.

"வலி தெரியாதாமே! யண்ணே, அந்த சுடுதண்ணியை இப்டி எடுத்தா. அந்தாளு மேல ஊத்தி செக் பண்ணிக்கலாம்."

எல்லாரும் சிரித்தோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு எட்டுப் பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான்.

அதற்கு அடுத்த பக்கத்தில் அவர் எழுதுகிறார்: "நீருக்கு மேலே தலைகள் மட்டும் தெரிந்தன. முதலில் நிற்பவன் குதிகால் ஊன்றியதும் அந்த அதிர்வு கயிறு வழியே கடைசி ஆள் வரை ஓடிற்று. நூறு உடம்பும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தது." நாற்று மாதிரி, எறும்பு மாதிரி என்று எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நின்று பார்த்திருக்கிறார். வெறுக்கிற ஆளுக்கு இவ்வளவு உற்றுப் பார்க்க ஏன் தோன்ற வேண்டும்?

நீ சொல்வது அத்தனையும் சரி. ஆனால் நாங்கள் ஒருவரும் இளவரசன் பக்கம் உட்கார்ந்து கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு எண் எடுத்துக்கொண்டோம். வால்டர் அண்ணன் ஐந்து. தமீம் ஏழு. நான் நாற்பது. "ஏய் ஏழு, சோறு துன்ட்டியா?" என்றுதான் இப்போது கூப்பிடுகிறோம்.

ஏழு சோறு தின்பதில்லை. அவனுக்குப் பெண் பிறந்திருக்கிறது. போன படகில் சேதி வந்தது. அன்றிலிருந்து தட்டைத் தள்ளிவிட்டு, கதை கேட்க மட்டும் வந்து உட்காருகிறான்.

முடிவு கிடைத்ததா?

பீம்


விம்கோ நகர்,
ஜனவரி 6

பீமுக்கு ஜெய்பீம். இருவரும் நலம். சிரங்குக்கு மருந்து அனுப்பச் சொல்லி நல மையத்துக்கு எழுதியிருக்கிறேன்.

வாசகசாலைக்குப் போனேன். பொறுப்பில் இருக்கும் அஜீசுன்னிசா அம்மா தேடுகிறார். இன்னும் கைக்கு வரவில்லை. அது என்ன பெரிய முடிவு? இளவரசன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். இளவரசர்கள் எப்போதும் போய்ச் சேர்கிறார்கள்.

வேறு ஏதாவது படி. வால்டர் அண்ணனைப் பாடச் சொல்.

தமீம் சாப்பிடுகிறானா? தனியாக விடாதீர்கள். அவன் வீட்டு விலாசத்தை எழுது, நான் போய்ப் பார்க்கிறேன். இப்போது அவன் மனநிலை எப்படி என்று எனக்கு விவரமாகத் தெரிய வேண்டும். உன் மனநிலையும்.

அக்கா


கப்பலிலிருந்து,
ஜனவரி 25

அக்காவுக்கு. நலம் கேட்டு எழுத நிறைய இருக்கிறது, பேனாவில் மை இல்லை.

படகு வரவில்லை. தார்ப்பாய் விரித்து மழைத் தண்ணீர் பிடித்தோம். நேற்று தமீம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றிருந்தான். அந்த நிற்பு யாருக்கும் பிடிக்கவில்லை. தூங்கும்போது வால்டர் அண்ணன் தன் கணுக்காலையும் அவன் கணுக்காலையும் ஒரு கயிற்றில் கட்டிக்கொள்கிறார். "ஒண்ணுக்குப் போனாலும் ரெண்டு பேரும்தான் மாமு" என்கிறார். தமீம் சிரிப்பதில்லை.

அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "இழுத்துகினு போனாங்களே, கரை சேந்தாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை.

முடிவை அனுப்பு.

பீம்


விம்கோ நகர்,
பிப்ரவரி 8

பீமுக்கு ஜெய்பீம். நாங்கள் நலம். நல மையத்தில் விலாசம் வாங்கித் தமீம் வீட்டுக்குப் போனேன். குழந்தை கறுப்பு, அழகு. அவன் மூக்கு என்கிறார்கள். இதை அவனிடம் சொல்.

முடிவு கிடைத்துவிட்டது. புத்தகம் தொட்டால் உதிர்கிற நிலையில் இருக்கிறது. விரித்துப் படமெடுத்தால் முதுகு முறியும் என்று அஜீசுன்னிசா அம்மா விடவில்லை. கையால் எழுதியிருக்கிறேன், இத்துடன் ஆறு பக்கம். கருஞ்சேற்றார் நடுக்கடலில் கயிற்றைக் கீழே போடுகிறார்கள். எங்களுக்குப் பெயர் வேண்டும் என்று கேட்கிறார்கள். இளவரசன் வெட்கப்பட்டு இறங்கிவந்து அவர்களோடு கயிறு பிடிக்கிறான். எல்லாரும் கரை சேருகிறார்கள்.

நல்ல முடிவுதான். படித்துக் காட்டு.

அக்கா


கப்பலிலிருந்து,
மார்ச் 3

அக்காவுக்கு ஜெய்பீம். மருந்து வந்தது, சிரங்கு ஆறிவிட்டது. அப்பாவின் இருமல் பற்றி நீ எழுதவில்லை.

ஆறு பக்கத்தையும் படித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் வால்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"இன்னாடா இது, கடைசில யூனியன் மீட்டிங் வச்சி பிஸ்கோத்து குடுத்து அனுப்ச்சிட்டாரு?"

தமீம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத்த எழுதனது வேற ஆளு, நாற்பது. அந்தாளு தண்ணில கால் வச்சா நமக்கு சிலுக்கும். இதுல தண்ணியே இல்ல. உங்கக்கா நல்லவங்க. அதான் தப்பாப் பூட்ச்சி" என்றான்.

நீ எழுதியதில் தவறு ஒன்றுமில்லை அக்கா. நியாயமாக இருந்தது. நடந்திருக்க வேண்டியது அதுதான். ஆனால் எங்களிடம் ஏஜென்ட் நியாயமாகப் பேசுகிறான், அலுவலகம் நியாயமாகப் பேசுகிறது. மகரநாதன் ஒருத்தர்தான் எங்களிடம் நல்லவராக நடிக்காதவர். அவரையும் நீ திருத்தி அனுப்பினால் நாங்கள் யாரை நம்புவது? எவ்வளவு மோசமான முடிவாக இருந்தாலும் உள்ளது உள்ளபடி அனுப்பு.

இன்னொரு சேதி. ஏஜென்ட் வந்தான். சம்பளப் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் ஆறு பேரை ஊருக்கு அனுப்புவானாம். இரண்டு பேர் தங்க வேண்டும். ஆளில்லாமல் கப்பலை விடக்கூடாது என்பது துறைமுகச் சட்டம். மாற்று ஆள் எப்போது வரும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வால்டர் அண்ணன், "நான் கீறேன்டா. ராயபுரத்துல எனக்கு இன்னா, கொசுதான் காத்துகினு கீது" என்றுவிட்டார். இன்னொருவர் யார் என்று சீட்டுப் போட வேண்டும்.

பீம்


விம்கோ நகர்,
மார்ச் 17

பீமுக்கு ஜெய்பீம். அப்பாவை ஆஸ்பத்திரியில் காட்டினேன். நெஞ்சில் சளி, மாத்திரை தந்திருக்கிறார்கள். உன் பெயரைச் சொல்லித்தான் மாத்திரையை விழுங்க வைக்கிறேன்.

ஆமாம், நான் எழுதியதுதான். ஜனவரியிலேயே புத்தகம் கிடைத்துவிட்டது. அலமாரி பக்கத்தில் நின்றபடியே புரட்டினேன். இளவரசன் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டுகிறான், இழுத்தவர்களைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிறான். அதற்கு மேல் படிக்கவில்லை, மூடிவிட்டேன். கைவிடப்பட்ட கப்பலில் சோறு தின்னாமல் இருக்கிறவனுக்கு இதையா அனுப்புவது? அனுப்ப மாட்டேன் என்று முடிவு செய்தேன். அந்த முடிவைப் பற்றி இப்போதும் எனக்கு வெட்கமில்லை.

நீ கேட்டதால் போன ஞாயிறு போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பார்த்து எழுதினேன். பீம், கண்ணால் படிக்கும்போது கோபம் வேகமாக ஓடுகிறது. கையால் எழுதும்போது அதற்கு அந்த வேகம் கிடையாது. அவர் வைக்கிற ஒவ்வொரு காலுக்கும் பின்னால் நானும் கால் வைக்க வேண்டியிருந்தது. அவர் எழுதியிருப்பது இது:

"கயிற்றை வெட்டினான் இளவரசன். காற்று வந்தது, கப்பல் போயிற்று. கருஞ்சேற்றார் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் பாரம் குறைந்ததைக் கடலின் இரக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள். நடந்தார்கள். தரை சரிந்தது. நீர் வாயை மூடிற்று, கண்ணை மூடிற்று, உச்சியை மூடிற்று. நடந்தார்கள். அடியில் வெளிச்சம் இல்லை. முன்னவன் தோளில் பின்னவன் கை வைத்துக்கொண்டான். எந்த நாள் என்று எவரும் அறியார், அலையென்பதையே அறியாத அந்தக் கடல் முதன்முதலாக ஒருமுறை அசைந்தது. அடியில் அவர்கள் குதிகால் ஊன்றி இழுத்த இழுப்பு அது. மீண்டும் ஓர் இழுப்பு. மீண்டும் ஓர் அலை. நீ எந்தக் கரையில் நின்றாலும் சரி, உன் பாதம் வரை வந்து திரும்புவது அவர்கள் இழுக்கும் கயிறு. அது இன்னும் ஓயவில்லை."

எழுதி முடித்ததும் பேனாவை மூட மறந்துவிட்டேன். அஜீசுன்னிசா அம்மா வந்து, "என்னாமா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பஸ் ஏறி நேராக எண்ணூர் போய்க் கடலோரம் இறங்கினேன். அலைதடுப்புக்குக் கொட்டிய கல், பிளாஸ்டிக், சாம்பல் நிறத்தில் நுரை. பிறந்ததிலிருந்து பார்க்கிற அதே அலை. ஒன்று வந்தது. அவர்கள் குதிகாலை ஊன்றியது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போனது. இன்னொன்று. நம்பு, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குழாய் குழாயாகக் கடலுக்குள் கழிவை இறக்கி வைத்திருக்கிறார்களே, அதற்கெல்லாம் அடியில், அந்த இருட்டில், அவர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். இனி எந்தக் கடலையும் என்னால் சும்மா பார்க்க முடியாது. அந்த ஆள் அதைக் கெடுத்துவிட்டார்.

நான் எழுதிய முடிவில் அவர்களுக்கு நீதி கொடுத்தேன். அவர் கடலையே கொடுத்துவிட்டார். தெரிந்து கொடுத்தாரா? சந்தேகம்தான். அடுத்த பத்தியிலேயே இளவரசனின் கல்யாண விருந்துக்குப் போய்விடுகிறார், அங்கே எத்தனை வகைப் பட்சணம் என்று வேறு எழுதுகிறார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

இப்போது முக்கியமானது. கயிறு, அலை எல்லாம் கதை. கையெழுத்துப் போடு. சம்பளம் நாசமாகப் போகட்டும், பிறகு சண்டை போடலாம். சீட்டில் நீ போகலாம் என்று வந்தால் யோசிக்காமல் படகில் ஏறு. அப்பா வாசலையே பார்க்கிறார்.

அக்கா


கப்பலிலிருந்து,
ஏப்ரல் 9

அக்காவுக்கு ஜெய்பீம். அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும், நான் சொன்னேன் என்று சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

நீ எழுதி அனுப்பியதைச் சூரியன் இறங்கும்போது படித்தேன். கடைசி வரி முடிந்ததும் வால்டர் அண்ணன் இந்தியில் சொல்லவே மறந்துவிட்டார். வடக்கத்திக்காரர்கள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கப்பல் பக்கவாட்டில் ஒரு அலை வந்து மோதியது. தமீம் தரையில் கை வைத்துப் பார்த்தான், உள்ளேயிருந்து யாரோ தட்டியது மாதிரி. அதற்குப் பிறகுதான் வால்டர் அண்ணனுக்கு இந்தி வந்தது. அன்றைக்கு அவர் இந்தியில் மீன் ஏலம் இல்லை.

கேட்டு முடித்ததும் வடக்கத்திக்காரர்களில் ஒருவன் கோபப்பட்டான். கயிறு அறுந்ததுகூடத் தெரியாத முட்டாள்களா அவர்கள் என்று கேட்டான். உன் கட்டுரையில் இருக்க வேண்டிய கேள்வி. வால்டர் அண்ணன் பீடியை அணைத்துவிட்டு, "அவனுங்களுக்குத் தெரியும்டா. வெயிட்டு போனா தோளுக்குத் தெரியாது? தெரிஞ்சிதான் இழுக்கறானுங்க. எழுதனாரு பாரு, அவுருக்குத்தான் அது தெரியல" என்றார்.

தமீம் எழுந்துபோய்ச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இழுக்கறவனுக்கு சோறு வோணும்ல" என்று சொல்லி உட்கார்ந்து தின்றான். நாங்கள் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

சீட்டுப் போட்டாகிவிட்டது. ஆறு பேர் அடுத்த படகில் இறங்குகிறார்கள். கடல் அமைதியாக இருக்கிறது.

மகரநாதனின் அடுத்த புத்தகம் ஏதாவது கிடைத்தால் எழுதி அனுப்பு. கையெழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வால்டர் அண்ணனும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுகிறார்.

பீம்


விம்கோ நகர்,
மே 6

பீமுக்கு அக்கா எழுதுவது. ஜெய்பீம் சொல்லக்கூட முதலில் மனம் வரவில்லை. ஜெய்பீம். அப்பா நலம். நான் நலமில்லை.

அடுத்த புத்தகம் கேட்டாயே, அந்த வரியிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

போன வாரம் தமீம் வந்தான். மனைவியும் கைக்குழந்தையும் கூட. வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. "அக்கா, தங்கணும்னு சீட்டுல வந்தது என் பேரு. உங்க தம்பி அத்த வாங்கி வாயில போட்டு முழுங்கிட்டான். 'இப்ப இன்னா ப்ரூஃபு கீது உன்கிட்ட? ஏழு, நீ கெளம்பு'ன்னான். நான் அடிச்சேன்க்கா. நெசமா அடிச்சேன். அவன் கையைக் கட்டிகினு நின்னான்" என்றான்.

அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "லூசுப் பையன். சீட்டைத் துன்றானாம், சீட்டை. அரிசி இல்லையாடா அங்க?" என்று கத்தினார். இருமினார். பிறகு தமீம் கையைப் பிடித்து, "நீ ஏன் வெளிய நிக்கிற? துன்ட்டியா?" என்று கேட்டார். குழந்தையை வாங்கி அந்தத் தோளில், திமில் இருக்கும் தோளில், போட்டுக்கொண்டார்.

கையால் எழுதி அனுப்பியவள் நான். படகில் ஏறு என்று கெஞ்சியவளும் நான். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதினேன், நீ ஒன்றை மட்டும் படித்திருக்கிறாய். எழுபது வருடத்துக்கு முன் எழுதியவர் என் தம்பியைப் பிடித்து வைத்துக்கொண்டார் என்று இரண்டு நாள் அவரைத் திட்டினேன். மூன்றாம் நாள் கடற்கரைக்குப் போனேன். வேறு எங்கே போவது?

ஏப்ரல் பதினாலு பற்றிச் சொல்ல வேண்டும். அது தமீம் வருவதற்கு முன்னால். மகரநாதன் மேல் என் குற்றச்சாட்டு முழுவதையும் படித்தேன், ஒரு வரி குறைக்கவில்லை. சவுக்கு வரியை இரண்டு தடவை படித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். பையில் அந்தப் பக்கங்களின் பிரதி இருந்தது. எடுத்துப் படித்துவிட்டேன். நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்து கடைசி வரிசையில் உட்காரும் பச்சையம்மாக்கா எழுந்து நின்றார்.

"அப்பால? கயித்த வுட்டாங்களா?"

"விடவில்லை அக்கா. இன்னும் இழுக்கிறார்கள்."

"அதானே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "ஆனா அந்தாளு நம்மளை நாத்தம்னு எழுதனானே, அத்தயும் வுடாத. ரெண்டையும் வச்சிக்கோ."

அப்படித்தான் செய்தோம். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. முதல் பக்கத்தில் என் கட்டுரையை ஒட்டித் திரும்ப வைத்திருக்கிறோம். அதைத் தாண்டாமல் யாரும் அந்தக் கடலுக்குள் போக முடியாது.

இப்போது நடப்பது இது. திரும்பி வந்த தமீம், அவன் மனைவி, படிப்பகத்து ஆட்கள், பச்சையம்மாக்கா, அப்பா எல்லாரும் கப்பல் துறை அலுவலக வாசலில் தினமும் போய் உட்காருகிறோம். முதல் நாள் விரட்டினார்கள். இரண்டாம் நாள் தண்ணீர் கொடுத்தார்கள். நேற்று ஒரு அதிகாரி, காவலுக்கு வேறு இரண்டு பேரை அமர்த்தி உங்களை இறக்கச் சொல்லி அந்தத் துறைமுகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். எழுதியதைக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. நாளைக்கும் போகிறோம்.

நீ கேட்ட அடுத்த புத்தகம் கிடைத்தது. 'பாம்புத் துறைமுகம்.' இதில் மீன் விற்கும் பெண்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பச்சையம்மாக்கா கேட்டால் மகரநாதனைக் கருவாட்டோடு சேர்த்து வெயிலில் காயப்போடுவார். அதையும் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். கடல் தன் துறைமுகத்தைத் தானே தேடிவரும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே வந்ததும் வால்டர் அண்ணனைப் படிக்கச் சொல். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

இத்துடன் பதினொரு அத்தியாயம். புத்தகத்தில் பன்னிரண்டு. கடைசியை எழுதி முடித்துத்தான் வைத்திருக்கிறேன், அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதை எந்தப் படகிலும் ஏற்ற மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து படித்துக்கொள்ளுங்கள்.

அக்கா